தறப்பாளை வெட்டிய நாள்

சண்டை நின்ற சமாதான காலத்தில் எங்கள் தீவுக்கு, கரம்பொன்னுக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டுக்குச் சுவர்கள் மட்டும்தான் மிச்சம். கதவு, யன்னல், தாவாரத்து விளிம்பில் ஓடிய பனம்பலகை எல்லாம் யாருடைய அடுப்புக்கோ எந்தப் பதுங்குகுழிக்கோ போய்ச் சேர்ந்திருந்தன. கூரை போட்டு முடிந்ததும், விளிம்புக்கு இந்த முறை மரம் வேண்டாம் என்றார் என் கணவர். யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளை பி.வி.சி. பலகைகள் பஸ்ஸின் மேல் ஏறி வந்தன. கறையான் தின்னாது, கடற்காற்றுக்கு உக்காது, அடுப்பெரிக்கவும் உதவாது என்று காரணங்களை அடுக்கினார். கடைசிக் காரணம் எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பவும் விட்டுவிட்டு ஓடப்போகிற வீட்டுக்குத்தான் ஒருவர் அப்படி யோசிப்பார்.

கட்டிலுக்கு அடியில் நீலத் தறப்பாள் ஒன்றும் இருந்தது. மடித்துக் கயிறு சுற்றி வைத்திருந்தார். வன்னியில் இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் எங்களுக்குக் கூரை அதுதான். மிளகாய் காயப்போடக் கேட்டாலும் தரமாட்டார். அது அங்கே கிடக்கும்வரை நாங்கள் இந்த வீட்டில் தங்கியிருக்கிறோமே தவிரக் குடியிருக்கவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. அதை அவரிடம் கேட்கப் பயமாகவும் இருந்தது.

பலகையை அவரே பூட்டினார். நான் மறுநுனியைப் பிடித்தேன். வெயிலில் இது நீளும், மூட்டுக்கு மூட்டு இடைவெளி விடுங்கள் என்று கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் இவருடையது தறப்பாள் கட்டிப் பழகிய கை. தொய்ந்தால் ஒழுகும் என்று எதையும் இழுத்து இறுக்கியே பழகியவர், பலகைகளையும் முட்ட முட்டப் பொருத்தித் திருகாணிகளை முறுக்கிவிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால். அடுத்த நாள் மத்தியானம் பலகைகள் வயிறு தள்ளிக்கொண்டு நின்றன. கடலுக்குப் போய்வந்த பக்கத்து வீட்டு அண்ணை வேலியால் எட்டிப் பார்த்து, வீட்டுக்கு எத்தனை மாதம் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. என் கணவர் சிரிக்கவில்லை.

எல்லாவற்றையும் கழற்றி, தலைப்புகளை ஈர்வாளால் அரிந்து, துளைகளை நீளமாக்கித் திரும்பப் பூட்டத் தொடங்கினார். இப்போது இடைவெளி இருந்தது. ஆனால் மாரியில் வாடைக்காற்றோடு வருகிற மழை அந்த இடைவெளியால் புகுந்து கூரையின் கைமரங்களை நனைக்குமே. ஏணியில் நின்றபடி கொஞ்சநேரம் யோசித்தவர், இறங்கி உள்ளே போனார். தறப்பாளோடு வந்தார். முற்றத்தில் அதை விரித்துவிட்டு என்னிடம் கத்தரிக்கோல் கேட்டார்.

"என்னத்துக்கு அதை வெட்டுறியள்?"

"மூட்டுக்குப் பின்னால வைக்க. நீர் அந்தத் தலைப்பைப் பிடியும்."

ஓரம் தடிப்பு என்று நடுவால்தான் வெட்டினார். இனி அது எதற்கும் கூரையாகாது. நான் தலைப்பை இன்னும் இறுக்கி இழுத்துப் பிடித்தேன். சந்தோஷத்தில்தான்.

சண்டை திரும்பத் தொடங்கிய வருடம் தீவில் பலர் மூட்டை கட்டினார்கள். ஒரு விடியற்காலை அண்ணையும் வந்து, தாங்கள் வெளிக்கிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் என்ன செய்வது என்று கணவரிடம் கேட்டேன். அவர் தாவாரத்தை அண்ணாந்து பார்த்தார். காலைக் குளிரில் பலகைகள் ஒடுங்கி, மூட்டுக்கு மூட்டு நீலம் நூல்போலத் தெரிந்தது.

"எங்க போறது? தறப்பாளை வெட்டிப்போட்டமெல்லே."

நான் உள்ளே போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தேன்.