என் புருஷன் தலைக்குப் பிள்ளை பார்க்கிற மெஷின்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குத் தலை ஆபரேஷனுக்கு எப்படிப் போவது என்று ஒருவர் கேட்டிருந்தார். நாங்கள் போனது 1991-ல். ரோடெல்லாம் மாறியிருக்கும், பயம் மாறியிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

என் கணவர் ராஜு துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். வாயை மூடத் தெரியாத மனுஷன். ஒருநாள் கோப்பி கேட்க வந்தவர் வாயில் 'குடை' என்று வந்தது. ஸ்கேன் எடுத்தால், மூளையில், பேச்சுக்குரிய இடத்தை ஒட்டியே கட்டி. எடுக்கும்போது பேச்சு போனாலும் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

காலை 6.10-க்கு பஸ். முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம். ஷா ஆலம் பக்கம் ஃபேக்டரி பஸ்களோடு ஊர்ந்தோம். இறங்கி ஆஸ்பத்திரிக்கு டாக்சி, நாலு வெள்ளி (ரிங்கிட்). பிரிக்ஃபீல்ட்ஸ்கார டிரைவர் விஷயம் தெரிந்ததும் ஒவ்வொரு மேட்டுக்கும் பிரேக் போட்டார். "குலுங்காம கொண்டுபோறேன் அக்கா, பயப்படாதீங்க லா," என்றார்.

கையெழுத்து வாங்க வந்த டாக்டரம்மா, ஆபரேஷன் நடுவில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்போம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசிப் பிள்ளைக்கு என் வயிற்றில் வைத்த மெஷின் அல்லவா அது? பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"டாக்டர், ஃபைல் மாறிப்போச்சு. இது புள்ளத்தாச்சிக்குப் பாக்கிறது. இவரு ஆம்பள."

அவர் சிரிக்கவில்லை (அதற்கே கும்பிட வேண்டும்). மண்டை ஓடு சத்த அலையைத் தடுக்கும், அதனால் எலும்பில் ஜன்னல் மாதிரி திறந்தபிறகு மூளைமேல் கருவியை வைப்பார்களாம். கட்டி எங்கே, எவ்வளவு ஆழம் என்று அப்போதே திரையில் தெரியும். முன்பே எடுத்த ஸ்கேன் படம் இருந்தாலும், திறந்ததும் மூளை கொஞ்சம் நகர்ந்துவிடும், அந்தப் படம் சரியாகப் பொருந்தாது. மிச்சம் இருக்கிறதா என்று கடைசியிலும் பார்ப்பார்கள். பேச்சு மிஞ்சுமா என்று கேட்டேன். உறுதி சொல்ல முடியாது, ஆனால் கட்டிக்குப் போகும் வழியைத் திரையில் பார்த்துக்கொண்டே போகலாம் என்றார். கையெழுத்துப் போட்டேன். ராஜு கட்டிலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

ஐந்து மணி நேரம். கட்டி முழுதும் வந்துவிட்டது என்றார்கள். அப்பாடா! ஆனால் பேச்சு? மறுநாள் மாலை நாலரைக்கு உள்ளே விட்டார்கள். தலை முழுக்கக் கட்டு. என்னையே பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"என்ன... புள்ள? ஆணா... பொண்ணா?"

"உங்க வாய்தான் பொறந்திருக்கு," என்றேன்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். அசட்டுக் கேள்வியானாலும் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வார்டில் சத்தமாகச் சிரித்து அழாதீர்கள். நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டார். கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே ராஜு திக்கித் திக்கி நர்ஸிடம் என்னைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். காதாரக் கேட்டேன்.