கடலை நிறுத்திய மதியம்

நடந்தது நடந்தபடி சொல்கிறேன். நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், எனக்கு வருத்தமில்லை. இதை நான் கண்ணால் பார்த்தேன், அதுவும் பட்டப்பகலில்.

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரத்தில் ஒரு சின்ன நிறுவனம். ராக்கெட் கட்டி, விண்வெளிக்குப் பறந்து, திரும்பி வந்து கடலில் விழும் கணினி விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அதில் கடல் என் பொறுப்பு. நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. விண்கலம் தண்ணீரைத் தொட்டால் மிதக்க வேண்டும். எங்களுடையது ஒன்று பந்து மாதிரி எகிறும், இல்லையென்றால் கல் மாதிரி மூழ்கும்.

அன்று லெபாரான் என்னும் நோன்புப் பெருநாள் விடுமுறை. எல்லோரும் பெருநாளுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். சுமத்ராவின் பாத்தாக் இனத்துக் கிறிஸ்தவனான நான் மட்டும் அலுவலகத்தில். முந்தின நாள் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊர் சிபோல்காவிலிருந்து அம்மா அழுதுகொண்டே பேசியிருந்தாள். என் தம்பி பின்சாரும் எங்கள் தாய்மாமன் துலாங் மாருலியும் போன மீன்பிடிப் படகு கவிழ்ந்துவிட்டது. தேடிக்கொண்டிருக்கிறார்கள். பெருநாள் கூட்டத்தில் எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அறையில் தனியாக உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் வேலைக்கு வந்தேன்.

கூட வேலை பார்க்கும், என்னை 'பாங்' (அண்ணன்) என்று கூப்பிடும் டாடான் போன் செய்தான்.

"என்ன பாங் தோகார், நம்ம கடல் இன்னும் துள்ளுதா?"

"துள்ளல. இப்போ முழுங்குது."

"விடுங்க பாங். தம்பி வந்துடுவான். சாப்பிட்டீங்களா?"

போனை வைத்துவிட்டு வேலையைத் திறந்தேன்.

கலத்தில் உட்காரும் பொம்மைகளுக்கு நாங்கள் தின்பண்டங்களின் பெயரைத்தான் வைப்போம். சிலோக், படாகோர், செப்லாக்... நூறு தடவை மூழ்கடிக்கப்போகும் பொம்மைக்கு உயிருள்ள ஆளின் பெயரை எவன் வைப்பான்? அன்று நான் வைத்தேன். நினைப்பெல்லாம் அவன்மேல் இருந்ததால் கை தானாகவே 'பின்சார்' என்று தட்டியிருந்தது. ஒரே ஒரு பொம்மை.

கலம் விழுந்தது. எகிறவில்லை. மெதுவாக இறங்கி, அடியில் தலைகீழாக நின்றது. மிதக்கும் விசையைக் கூட்டினேன். அசையவில்லை. கலத்தையே அழித்தேன். அழியவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டொக்... டொக்... டொக்...

உள்ளேயிருந்து யாரோ தட்டுகிற மாதிரி. தண்ணீருக்கடியில் கேட்கும் ஒலி எதையும் நாங்கள் இன்னும் சேர்க்கவே இல்லை.

"பின்சார்?" என்றேன்.

டொக். டொக். டொக். டொக்.

அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். 'தண்ணீர்' என்ற கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தேன்.

கடல் போய்விட்டது.

வெறும் மணல். அதில் கலம். கதவு திறந்தது. பொம்மை தவழ்ந்து வெளியே வந்தது, எழுந்தது, கரையைப் பார்த்து ஓடியது. எங்கள் பொம்மைகளுக்குத் தவழத் தெரியாது.

ஐயோ, என் தம்பி என்று கத்தினேன்.

பிறகு... கதவில் இன்னொரு தலை.

நான் ஏற்றியது ஒரே ஒரு பொம்மை.

இதற்குப் பெயர் இல்லை. வாசலில் நின்றது. திரும்பியது. திரைக்குள்ளிருந்து நேராக என்னைப் பார்த்தது.

பயத்தில் டிக்கைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

ஸ்ஸ்ஸ்ஸ்... கடல் வந்துவிட்டது.

மணி இரண்டு பதினேழு.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து பின்சார் பேசினான். உயிரோடு இருந்தான்! நான் குழந்தை மாதிரி அழுதேன். எப்படித் தப்பினாய் என்று கேட்டேன்.

"யாரும் நம்ப மாட்டேங்கறாங்க பாங். கவிழ்ந்த படகுக்குள்ள மாட்டிக்கிட்டுத் தட்டிக்கிட்டே இருந்தோம். ரெண்டு மணிக்கு மேல இருக்கும். திடீர்னு தண்ணியே இல்ல. வெறும் மணல். நான் ஓடினேன்..."

"துலாங்?"



"எனக்குப் பின்னாடிதான் வந்தார். வாசல்ல நின்னுட்டார். மேல எதையோ பார்த்து, 'தோகார், கொஞ்சம் பொறுடா'ன்னு உன்னைக் கூப்பிட்டார், பாங். அதுக்குள்ள தண்ணி வந்துடுச்சு."