மேல்வகுப்புக்காக அலோர் ஸ்டார் போன நாள்

என் பேத்தி கோகிலா ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே நன்றாகப் படிக்கிற மாணவர்களுக்கென்று தனியாக ஒரு ஹானர்ஸ் வகுப்பு இருக்கிறதாம். இனிமேல் அதை எப்படி நடத்துவது, யாரைச் சேர்ப்பது என்று திட்டம் போட ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். போன மாதம் அலோர் ஸ்டாரை ஒட்டி மெர்கோங்கில் இருக்கிற என் வீட்டுக்கு வந்தவள், "மூணு மாசமாப் பேசுறோம் தாத்தா, இன்னும் முடியலலா" என்று அலுத்துக்கொண்டாள். நாங்கள் அந்த வேலையை ஒரே பகலில் முடித்தோம் என்றேன். நம்பாமல் சிரித்தாள். அதனால்தான் இந்தப் பதிவு. நான் எழுதப் படிக்கக் கற்று எட்டு மாதம் ஆகிறது. இதை எழுதப் பத்து நாள் பிடித்தது. ஒவ்வொரு வரி முடியும்போதும் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

பயணம் நடந்தது மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், அவன் வந்த இரண்டாம் வருஷம். பெண்டாங்குக்குக் கிழக்கே ஆறு மைலில் இருந்த ரப்பர் தோட்டத்தில் நான் மாட்டுவண்டி ஓட்டினேன். வயது பத்தொன்பது. தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரைதான் உண்டு. அதற்கு மேல் சதாசிவம் வாத்தியார் தானாகவே ஒரு பரீட்சை வைத்து, தேறிய எட்டுப் பையன்களுக்கு மத்தியானத்தில் மேல்வகுப்பு நடத்தினார். அந்த வகுப்பு எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. சயாமில் ரயில் பாதை போட லாரி வந்து ஆள் எடுக்கிற நேரம் அது, போனவர்கள் திரும்பி வருவதில்லை. பள்ளியில் பெயர் இல்லாத பையன்களும் இனி ஆள் கணக்கில் சேர்த்தி என்று வேலையாட்களை மேற்பார்க்கிற தண்டல் சொல்லிவிட்டுப் போனார். எட்டுப் பேரில் ஒருவன் கோவிந்தன், பதினாலு வயது. அவன் அம்மா அஞ்சலை அக்கா பால்மரம் வெட்டுகிறவர், அதாவது மரம் சீவி ரப்பர் பால் எடுக்கிறவர். மறுநாள் காலையில் அக்கா வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றார். "கெளம்புங்க. மேல்வகுப்ப அலோர் ஸ்டார்ல பதிஞ்சிட்டுத்தான் வரணும்."

வாத்தியார், அக்கா, வண்டி ஓட்ட நான், மூவரும் எட்டு மணிக்குப் புறப்பட்டோம். எட்டு என்றால் டோக்கியோ நேரம். கடிகாரத்தையும் அவன் மாற்றியிருந்தான், அதனால் எட்டு மணிக்குத்தான் வெளிச்சமே வந்தது. பெண்டாங் வரை மாட்டுவண்டியில் சரியாக இரண்டு மணி நேரம். வண்டியைக் கடைத்தெருவில் தெரிந்தவரிடம் விட்டுவிட்டுப் பத்தே கால் பஸ் பிடித்தோம். பெட்ரோல் இல்லாத காலம், பஸ் கரியில் ஓடியது. பின்னால் அடுப்பு மாதிரி ஒன்று புகைந்துகொண்டே வரும். டிக்கெட் ஆளுக்கு நாற்பது காசு, வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டில். பன்னிரண்டரை மைலுக்கு ஒண்ணேகால் மணி நேரம் ஆனது. ஒரு பாலத்தில் எல்லோரையும் இறக்கிக் காவல்காரனுக்குக் குனிந்து வணக்கம் போட வைத்தார்கள். "குனிஞ்சு குனிஞ்சே பால் எடுத்தவ நான். இவனுக்கு ஒரு தடவ குனிஞ்சா கொறஞ்சா போயிடும்?" என்று அக்கா என் காதில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்து பயமாகிவிட்டது.

பள்ளிப் பதிவும் ஆள் கணக்கும் பார்க்கிற அரசாங்க அலுவலகத்தில் ஒரு மலாய்க்காரக் குமாஸ்தா. வாத்தியார் எட்டுப் பெயர் எழுதிய தாளைக் கொடுத்தார். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசையிலிருந்த தட்டில் போட்டார். அவ்வளவுதான், போகலாம் என்று கை காட்டினார். எனக்கு அப்போது ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் தட்டிலிருந்த தாள்களை எனக்கு நன்றாகத் தெரியும். நீலக் கோடு, இடது பக்கம் இரண்டு ஓட்டை. தினமும் விடியற்காலையில் எங்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுத் தாள். அந்தத் தட்டில் இருந்ததெல்லாம் அதுதான், ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் லாரிக்கு ஆள் எடுக்க வந்தவை.

நடந்தது இதுதான். தோட்டத்தில் பெயர்ப் பட்டியல் என்றாலே பெரட்டுத் தாள்தான், வேறு மாதிரி எங்களில் யாரும் பார்த்ததில்லை. வாத்தியாரும் தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணியிடம் ஒரு தாள் வாங்கி, பெயர்களைக் கட்டத்தில் எழுதி, பொறுப்பாளருக்கு வேறு இடம் இல்லாததால் கங்காணி என்கிற கட்டத்தில் தன் பெயரைப் போட்டிருந்தார். பார்க்கிறவனுக்கு அது ஒரு கங்காணியும் எட்டு ஆளும், லாரிக்குத் தயார்.

"வாத்தியாரே, நம்ம பிள்ளைங்கள நாமளே லாரில ஏத்திட்டோம்" என்றேன்.

அக்கா தட்டில் கையே வைத்துவிட்டார். குமாஸ்தா எழுந்து கத்த, வாத்தியார் தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொன்னார். குமாஸ்தா கதவுப் பக்கம் பார்த்தார். ஒரு மணிக்கு அதிகாரி வந்து தட்டை எடுத்துப் போவாராம். தாளை உருவி எங்களிடம் கொடுத்துவிட்டு, இது பள்ளிக்கூடம் என்றால் பள்ளிக்கூடம் மாதிரி எழுதிக் கொண்டுவாருங்கள் என்றார். எத்தனை வருஷப் படிப்பு, என்ன பாடம், யார் சேரலாம், முடித்தால் என்ன ஆவார்கள், எல்லாம் வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்குள் வர வேண்டும்.

பக்கத்துத் தெருவில் ஒரு தமிழர் மளிகைக் கடை. முதலாளிக்கு மலாய் எழுதத் தெரியும். சாமான் கட்டுகிற காகிதத்தில் நல்லதாகப் பார்த்து நாலு தாள் வெட்டிக் கொடுத்தார். காலி அரிசி மூட்டைகள் மேல் உட்கார்ந்து திட்டம் போட்டோம். மூன்று வருஷப் படிப்பு. கணக்கு, தமிழ், மலாய், பூகோளம். தினமும் ஒரு மணி நேரம் ஜப்பான் பாஷை, அது இல்லாமல் முத்திரை விழாது என்றார் முதலாளி. முடித்தவர்கள் சின்ன வகுப்புக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அதுவரை மளமளவென்று போனது.

யார் சேரலாம் என்கிற இடத்தில் அக்கா நிறுத்தினார். "லயத்து வரிசை வீடுகள்ல இன்னும் இருபத்தொரு பையனுங்க இருக்கானுங்க. புல்லு வெட்டிக்கிட்டு. அவனுங்களையும் போடுங்க."

"பரீட்சையில தேறாதவன சேத்தா அது மேல்வகுப்பு இல்ல, அஞ்சல."

"தேறாதவன் லாரில ஏறலாம், அப்படித்தானே?"

"எட்டுப் பேருன்னா நம்புவான். இருபத்தொம்பதுன்னா சந்தேகப்படுவான். அப்புறம் கோவிந்தனும் போயிடுவான். உன் பிள்ளைக்காகத்தான் சொல்றேன்."

அக்கா தாளை அவர் பக்கம் தள்ளினார். பிறகு, "நாளைக்கு பெரட்டுல மத்த அம்மாளுங்க மூஞ்சில நான் முழிக்கணும் வாத்தியாரே. எழுதுங்க" என்றார்.

வாத்தியார் பேனாவை மூடினார், திறந்தார். எட்டுப் பெயர்களுக்குக் கீழே ஒரு கோடு போட்டார். அதற்கடியில் முன்வகுப்பு என்று எழுதினார். மேல்வகுப்புப் பரீட்சைக்குத் தயாராகிறவர்கள். வருஷம் ஒரு பரீட்சை, எட்டு இடம், யார் வேண்டுமானாலும் ஏறலாம், யார் வேண்டுமானாலும் இறங்கலாம். "ஆனா சும்மா பேருக்கு இல்ல. இருபத்தொம்பது பேரும் தெனம் வந்து உக்காரணும்" என்றார். பெயர்களை நான் சொன்னேன், முதலாளி எல்லாவற்றையும் மலாயில் எழுதினார். வாரா வாரம் ரேஷன் இறக்குகிறவனுக்கு எந்த லயத்தில் எந்தப் பையன் என்று தெரியாதா? முதல் லயத்தின் முதல் கதவிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். "உன் பேரையும் போட்டுடலாமா தம்பி?" என்றார் முதலாளி. "மீசைய எடுத்தா போடலாம்லா" என்றார் அக்கா.

ஒண்ணே முக்காலுக்கு மறுபடி குமாஸ்தா முன்னால் நின்றோம். முழுவதும் படித்தார். காலையில் எட்டு, இப்போது இருபத்தொன்பதா என்று கேட்டார். வாத்தியார் தயங்குவார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து, "எட்டுப் பேர் தேறிவிட்டார்கள், மற்றவர்கள் தேறப் போகிறார்கள்" என்று மலாயில் சொன்னார். சோதனைக்கு ஆள் வந்தால் இருபத்தொன்பது பேரும் வகுப்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் என் கழுத்தும் போகும் என்றார் குமாஸ்தா. இருப்பார்கள் என்றார் வாத்தியார். முத்திரை விழுந்தது.

மூன்றரை பஸ்ஸில் திரும்பினோம், ஆறே முக்காலுக்குத் தோட்டம். வெயில் இன்னும் இருந்தது. பத்து நாள் கழித்து லாரி வந்தது. பெரியவர்களில் பதினேழு பேரை ஏற்றிக்கொண்டு போனது, அதை எங்களால் தடுக்க முடியவில்லை. பட்டியலில் இருந்த இருபத்தொன்பது பேரில் ஒருவனும் போகவில்லை. சோதனைக்கு இரண்டு முறை வந்தார்கள். இரண்டு முறையும் வகுப்பு நடந்த பெரட்டுக் கொட்டகைத் தரையில் இருபத்தொன்பது தலை எண்ணிவிட்டுப் போனார்கள்.

இப்போது அந்த வழியாகப் போகிறவர்களுக்கு: பெண்டாங்கிலிருந்து அலோர் ஸ்டார் இருபது கிலோமீட்டர், காரில் அரை மணிக்குள். அலுவலக வேலை என்றால் வெள்ளிக்கிழமை போகாதீர்கள், கெடாவில் மூடியிருக்கும். காலையில் எட்டரைக்குள் ஊருக்குள் நுழைந்துவிடுங்கள், பிறகு நெரிசல். எந்தத் தாளைக் கொடுப்பதானாலும், அது போய்ச் சேருகிற தட்டில் வேறு என்ன தாள் இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். கோகிலாவின் குழுவுக்கும் இதைத்தான் சொல்வேன். எட்டு இடத்தை எட்டாகவே வைத்துக்கொள்ளுங்கள், அதில் வாத்தியார் சொன்னது சரி. ஆனால் கோட்டுக்குக் கீழே இருக்கிறவர்களின் பெயரையும் அதே தாளில் எழுதுங்கள்.

முதல் வருஷப் பரீட்சையில் முன்வகுப்பிலிருந்து இரண்டு பேர் ஏறினார்கள், மேலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். இறங்கியவர்களில் ஒருவன் கோவிந்தன். வாத்தியார் அக்காவுக்குப் பயந்து இரண்டு நாள் அந்த லயத்துப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அக்காவே பள்ளிக்கு வந்துவிட்டார், நாங்கள் எல்லோரும் கூடிவிட்டோம். மகனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாத்தியாரிடம், "ஏன் ஒளியறீங்க? கோட்டுக்குக் கீழ இன்னும் எடம் இருக்குதுல்ல அவனுக்கு" என்று சொல்லிவிட்டு, பால் வாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.