ஆளுக்கொரு வடிகட்டி

சர்வர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார் எங்கள் போஸ்ட்மாஸ்டர், குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதுபோல. சூடு அளவாக இருந்தால்தான் உட்காருவார். படிக்கட்டுக்கு அடியில் ஜன்னல் இல்லாத அறை. குளிர்சாதனம் இயந்திரத்துக்காகப் போட்டது. அதனால் கோடையிலும் முழங்கை கிழிந்த ஸ்வெட்டரோடு இருப்பார். எங்கள் அலுவலகத்தின் மின்னஞ்சல் முழுக்க அவர் பொறுப்பு என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் வாசல் காவலருக்கே தெரியாது.

முன்பு எல்லோருடைய அஞ்சலுக்கும் ஒரே வடிகட்டி. விளம்பரங்களைத் தடுத்தால் கொள்முதல் பிரிவு அம்மா சண்டைக்கு வருவார்: "எனக்கு வர்ற விலைப்பட்டியலை எல்லாம் முழுங்கிட்டீங்களே." விட்டாலோ, மேலாளர் காய்ச்சி எடுப்பார்.

"ஒருத்தருக்குக் குப்பை, இன்னொருத்தருக்குச் சோறுங்க," என்பார் போஸ்ட்மாஸ்டர். அதற்காகவே மெனக்கெட்டு ஆளுக்கொரு வடிகட்டி அமைத்தார். வேண்டாத அஞ்சலை அவரவர் குப்பைப் பெட்டியில் தள்ளினால் போதும். அதைப் பார்த்துப் பழகி, அதே மாதிரி வருவதை அடுத்த முறை வடிகட்டி தானே தள்ளிவிடும்.

நன்றாகவே பழகியது. போஸ்ட்மாஸ்டர் அனுப்பும் எச்சரிக்கைகள் முழ நீளம். பலர் படிக்காமலே தள்ளினார்கள், மேலாளர் உட்பட. பிறகு தள்ளும் வேலைகூட அவர்களுக்கு இல்லாமல் போயிற்று.

போன மாதம், பாஸ்வேர்டு கேட்டு ஒரு போலி அஞ்சல் சுற்றுவதாக எச்சரித்தார். மேலாளருக்கு எச்சரிக்கை எட்டவில்லை, போலி எட்டியது. கேட்டதைக் கொடுத்துவிட்டார். திருடியவர்கள் அவர் பெயரிலேயே ஊரெல்லாம் மோசடி அஞ்சல் அனுப்ப, எங்கள் அஞ்சலை வெளியில் ஒருவரும் ஏற்கவில்லை. விசாரணை வைத்தார்கள்.

"ஏன் முன்னாடியே சொல்லல?" என்றார் மேலாளர்.

"சொன்னேன் சார். உங்க குப்பைப் பெட்டியில இருக்கு."

"அப்ப உங்க ஃபில்டர்தானே தப்பு?"

அதற்குக் கற்றுக்கொடுத்த கை யாருடையது என்று சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டார். பழி அவர் மேலேயே விழுந்து, கைக்கெட்டியிருந்த பதவி உயர்வு போயிற்று.

அன்று மாலை அவரை ஸ்கூட்டரில் அழைத்துப்போக வந்த மனைவி என் எதிரிலேயே கேட்டார். "நீங்கதான் தள்ளினீங்கன்னு மேனேஜர் மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே? புள்ளைங்ககிட்ட மட்டும் வாய் கிழியுது."

"சொன்னா அதையும் தள்ளிடுவாருடி." அவர் சிரிக்கவில்லை. அந்த அம்மாவும் சிரிக்கவில்லை.

நேற்று இன்னொரு போலி அஞ்சல் கிளம்பியது. இந்த முறை மேசை மேசையாகப் போய் வாயால் சொன்னார். கடைசியாக மேலாளர் அறை. கையெழுத்து வாங்க நானும் அங்கே நின்றிருந்தேன். அவர் பாதி சொல்வதற்குள், மேலாளர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை உயர்த்தினார்.

"மெயில்ல போடுங்க. பாத்துக்கறேன்."

"சரிங்க சார்."

வெளியேறும்போது, கொஞ்சமும் சத்தம் வராதபடி, இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்துச் சாத்தினார்.