இரண்டு புள்ளடி

எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு வளவுப் பெண்கள் ஏழெட்டுப் பேருடைய வாக்குகளை நான் பாழாக்கினேன். தெரியாமல் செய்யவில்லை. தெரிந்தே செய்தேன், செய்துவிட்டு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன். அந்த மகிழ்ச்சியை மறைத்துவிட்டுக் குற்றத்தை மட்டும் எழுதினால் உண்மை பாதியாகிவிடும். அதனால் இரண்டையும் சொல்கிறேன்.

நான் இப்போது இருக்கும் ஆஸ்திரேலியாவின் டூங்கபியில் வாக்களிப்பது ஒரு சனிக்கிழமை வேலை. பள்ளிக்கூடத்து வாசலில் வரிசையில் நின்று, உள்ளே போய்ப் பென்சிலால் எண்களைப் போட்டுவிட்டு, பாணுக்குள் சுருட்டிய சொசேஜ் ஒன்றை வாங்கித் தின்றுகொண்டு வீடு திரும்பலாம். போகாவிட்டால் தண்டப்பணம். இதைச் சொன்னால் எங்கள் ஊர் ஆட்கள் சிரித்திருப்பார்கள். அங்கே வாக்களிக்கப் போகாதே என்று சொன்னால்தான் தண்டம் கட்ட வேண்டியிருந்திருக்கும்.

எங்களுடையது கிழக்கிலங்கையில் வாவிக்கரையில் இருந்த ஒரு பட்டினம். இரட்டை அங்கத்தவர் தொகுதி. ஒரே தொகுதியிலிருந்து இரண்டு பேர் பாராளுமன்றம் போவார்கள். ஆகையால் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. விருப்பமான சின்னத்துக்கு நேரே பெருக்கல் குறி போடுவதைத்தான் புள்ளடி போடுவது என்போம். இரண்டு வாக்குக்கு இரண்டு புள்ளடி. தமிழர் ஒரு தெரு, முஸ்லிம்கள் ஒரு தெரு என்று பின்னிக் கிடந்த ஊர். யாரும் கூட்டம் கூடித் தீர்மானிக்கவில்லை. ஆனாலும் அநேக வீடுகளில் ஒரு புள்ளடி தங்கள் ஆளுக்கும் மற்றது வேலிக்கு அப்பாலிருந்த ஆளுக்கும் போகும். நோன்புக் கஞ்சி வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாதல்லவா, அதுபோல. தமிழர் ஒருவரும் முஸ்லிம் ஒருவருமாகச் சோடி போட்டுப் பாராளுமன்றம் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒருமுறை அந்தச் சோடியில் முஸ்லிம் அங்கத்தவர் காலமாகிவிட்டார். இடைத்தேர்தல் வந்தது. வெறுமையானது ஒரே இடம் என்பதால் ஆளுக்கு ஒரே வாக்கு.

அந்த இடத்துக்கு நின்றவர் எங்கள் பக்கத்து வளவு ராத்தாவின் காக்கா. ராத்தா என்றால் அக்கா, காக்கா என்றால் அண்ணன், உம்மா என்றால் அம்மா. எனக்கு அவள் சொந்த ராத்தா இல்லை; ஆனால் என் காலைச் சாப்பாடு எந்தப் பக்கத்து அடுப்பில் என்பது அன்றன்று மணத்தைப் பொறுத்தே தீர்மானமாகும். அவளுக்கு அப்போது இருபது வயது இருக்கும். கணவர் கொழும்பில் வியாபாரம். அவளுடைய காக்கா பள்ளிக்கூட ஆசிரியர். வேலையை விட்டுவிட்டுத்தான் தேர்தலுக்கு நின்றார். அவருக்கு மணிக்கூட்டுச் சின்னம்.

வழமைப்படி அந்த இடம் அவர்களுக்கே போயிருக்க வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கறிஞருக்கு ஆசை வந்துவிட்டது. அவருக்கு மூக்குக்கண்ணாடிச் சின்னம். அவருடைய தேர்தல் வேலைகளுக்கெல்லாம் தலைவர் என் பெரியப்பா.

அந்த ஒரு மாதத்தைப் போன்ற மாதம் என் வாழ்க்கையில் பிறகு வரவில்லை. பெரியப்பா கம்பியை வளைத்துக் கண்ணாடி செய்து தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் மாட்டிவிட்டார். கண்பார்வை நன்றாக இருந்த முப்பது பிள்ளைகள் கண்ணாடியோடு பள்ளிக்கூடம் போனோம். மற்றப் பக்கத்தார் சளைத்தவர்களா? பெரிய அலாரம் மணிக்கூடு ஒன்றைக் காரின் முன்னால் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். எங்கள் வழக்கறிஞர் சந்தைச் சதுக்கத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, மிகச் சரியாக அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், எங்கிருந்தோ அலாரம் அடித்தது. கூட்டம் எழும்பிப் போய்விட்டது. பெரியப்பாவே சிரித்துவிட்டார்.

பெரியப்பாவின் காரில் ஒலிபெருக்கி பூட்டியிருந்தது. அதில் ஒரு தடவை பேச வேண்டும் என்பதே எனக்கு அப்போதிருந்த ஒரே இலட்சியம். கேட்ட போதெல்லாம் அவர் ஒன்றையே சொன்னார்.

“நீ கட்சிக்கு என்னடா செஞ்சனீ? ஏதாவது செஞ்சு போட்டு வா, மைக் தாறன்.”

என்ன செய்வது என்று தெரியாமல் திரிந்தேன். வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன்பு ராத்தா வேலியில் ஆள் நுழையும் பொட்டால் கூப்பிட்டாள். அவளைச் சுற்றி அந்த வளவுப் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் கூட்டங்களுக்குப் போவதில்லை. வீட்டு வாக்கு எப்படியும் தனக்குத்தான் என்று அவளுடைய காக்கா தூரத்துக் கிராமங்களிலேயே நின்றார். முந்திய தேர்தலில் அவர்களுக்கு மாதிரிச் சீட்டு வைத்துப் புள்ளடி போடக் காட்டிக் கொடுத்தது என் அம்மா. அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பென்சில் சீவிக் கொடுத்தவன் நான். ஆகவே எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

“மனே, இந்த முறை ஒரு புள்ளடிதான் எண்டு ஒரு கதை வருது. மெய்யா?” என்று ராத்தா கேட்டாள்.

ஒன்றுதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பெரியப்பாவின் வீட்டில் நாள் முழுக்க அதுதான் பேச்சு. இரண்டு போட்டால் சீட்டுச் செல்லாது என்பதும் தெரியும்.

“இல்லை ராத்தா, ரெண்டுதான்” என்றேன்.

அவளுடைய முகம் மலர்ந்ததை இப்போதும் பார்க்கிறேன். “நான் சொன்னன் தானே?” என்று மற்றப் பெண்களைப் பார்த்தாள். “காக்காக்கு ஒண்டு. இவங்கட ஆளுக்கு ஒண்டு. இல்லாட்டி இவன்ட உம்மாட முகத்தில நான் எப்பிடி முழிக்கிற?” பிறகு எனக்கு ஒரு துண்டு தொதல் இனிப்பு தந்தாள். அதைத் தின்றுகொண்டே, மாதிரிச் சீட்டு ஒன்று கீறி, எல்லோரையும் இரண்டிரண்டு புள்ளடி போட வைத்துப் பழக்கினேன். கோணலாகப் போட்ட ஒரு மாமியைத் திருத்தவும் செய்தேன்.

பெரியப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் வாயிலிருந்த சுருட்டை எடுத்து அதன் நுனியைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு கார்க் கதவைத் திறந்துவிட்டார். அன்று பின்னேரம் முழுவதும் ஊர் என் குரலைக் கேட்டது. “கண்ணாடி போட்டால் ஊர் தெரியும், மணிக்கூடு பார்த்தால் பசி தெரியும்” என்று நானே கட்டிய வரியைத் தொண்டை கட்டும்வரை சொன்னேன். கார் எங்கள் தெருவால் போனபோது ராத்தா வாசலில் நின்று கை தட்டினாள். எதிர்க்கட்சிக்காரன் என்று அவள் என்னைப் பார்க்கவில்லை. என் குரல் எட்டூருக்குக் கேட்கிறதே என்று சந்தோஷப்பட்டாள்.

வாக்களிப்பு நாளன்று பெண்கள் குடை பிடித்துக்கொண்டு திருவிழாவுக்குப் போவதுபோலப் போனார்கள். நான் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். அம்மா வரிசையில் நின்றபோது ராத்தா உள்ளே போய் வெளியே வந்தாள். விரல் மையைக் காட்டிச் சிரித்தாள்.

“உங்கட ஆளுக்கும் ஒண்டு போட்டிட்டன்கா. கடன் வைக்கல்ல.”

அம்மா திடுக்கிட்டுப் பார்த்தார். “ஆரு சொன்ன ரெண்டெண்டு?”

“உங்கட மகன்தான். எங்கட வளவு முழுக்கப் பழக்கினவன்.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. ராத்தாவின் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்; சொல்லாமல் விட்டுவிட்டு உள்ளே போனார். அவருடைய ஒற்றைப் புள்ளடி எந்தச் சின்னத்துக்குப் போனது என்பதைக் கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. பெரியப்பா கேட்டபோது, வாக்கு இரகசியம் என்று மட்டும் சொன்னார்.

வழக்கறிஞர் வென்றார். மிகக் கொஞ்ச வாக்கு வித்தியாசம். என் ஏழெட்டு வாக்குத்தான் அதைச் செய்தது என்று சொல்ல மாட்டேன். வித்தியாசம் அவ்வளவு கொஞ்சமும் இல்லை. ஆனால் அப்போது நான் அப்படித்தான் நம்பினேன். ஊர்வலத்தில் காரின் முன்னால் என்னை உட்கார்த்தி வைத்தார்கள். சீனவெடி, பறைமேளம், சர்பத். அந்த இரவு உலகத்தில் என்னைவிடப் பெரிய மனிதன் இல்லை. ஊர்வலம் எங்கள் வீட்டைக் கடந்தபோது கதவு சாத்தியிருந்தது. அம்மாவுக்குத் தலையிடி என்று நினைத்தேன்.

ராத்தாவின் காக்காவுக்கு ஆசிரியர் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. கொஞ்ச நாளில் புத்தளத்துப் பக்கம் கடை போடப் போய்விட்டார். பெருநாளுக்குத்தான் வருவார். அந்த வருடம் எங்கள் வீட்டிலிருந்து வேலிக்கு அப்பால் போன தட்டுகள் எல்லாம் குவிந்து போயின. பயற்றம் பணியாரம் ஐந்து போன இடத்தில் பதினைந்து போயிற்று. எங்களுக்கு மிச்சமில்லாத அளவுக்குப் போயிற்று. வென்ற சந்தோஷத்தில் அம்மா தாராளமாகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, மிஞ்சிய உடைசல்களைப் பொறுக்கித் தின்றேன்.

பிறகு படிப்பு, வேலை, யுத்தம், சிட்னி.

ராத்தா மகளோடு இங்கே பக்கத்து வென்ட்வேர்த்வில்லுக்கு வந்து பல வருடமாகிறது. நான் கிழவன்; அவள் என்னைவிடக் கிழவி. கல்யாண வீடு, மரண வீடு, கடைவாசல் எங்கே கண்டாலும் என் கையைப் பிடித்துப் பக்கத்திலிருப்பவர்களிடம் ஒரே வாக்கியத்தால் என்னை அறிமுகம் செய்வாள். “இவர் எங்கட வளவில வளந்த பிள்ளை. எனக்கு வோட்டுப் போடப் பழக்கினவர்.” பெருமையோடு சொல்வாள். ஒவ்வொரு தடவையும் நான் தலையை ஆட்டிச் சிரித்தேன். இதுதான் என் இரண்டாவது குற்றம். அதைப் பல தடவை செய்தேன்.

இங்கே பாராளுமன்றத் தேர்தல் ஒன்று நெருங்கிக்கொண்டிருந்தபோது மீன்கடையில் ராத்தா என்னைக் கண்டு, மீன் வெட்டும் பையனிடமும் அதையே சொன்னாள். அன்று என்னால் சிரிக்க முடியவில்லை. அடுத்த நாள் அவளுடைய வீட்டுக்குப் போய், மகள் தேநீர் வைக்கக் குசினிக்குள் போன நேரத்தில், எல்லாவற்றையும் சொன்னேன். ஒலிபெருக்கி ஆசையையும் சொன்னேன். பத்து வயதுதானே என்று அவள் சொல்லிவிடுவாள் என்று உள்ளூர எதிர்பார்த்தேன்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. கதிரையின் கையைத் தடவிக்கொண்டே பேசினாள்.

“சாவடிக்குள்ள ஒரு உத்தியோகத்தர் ஒண்டுதான் போடணும் எண்டு சொன்னவர். அவருக்கு என்ன தெரியும், எங்கட பொடியனுக்குத் தெரியாததா எண்டு நினைச்சன்.”

மறுபடி அவளே கேட்டாள்.

“உன்ட உம்மாக்குத் தெரியுமா?”

“ஓம் ராத்தா. அண்டைக்கே தெரியும்.”

“அதுதானா” என்றாள். “அந்த வருஷம் தட்டுத் தட்டா அனுப்பினவ. வெண்டதை எனக்குக் காட்டுறா எண்டு நான் கோவிச்சிருந்தன். ரெண்டு மாதம் தட்டை வெறுமையாத் திருப்பி அனுப்பினன்.”

எங்கள் வேலிக்கு மேலாக வெறும் தட்டு வந்தது எனக்கு நினைவே இல்லை. பத்து வயதில் நான் போகிற தட்டை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

மகள் தேநீரோடு வந்தாள். ராத்தா ஒரு மிடறு குடித்துவிட்டு, சாதாரணமாகப் பேசுவதுபோல ஆரம்பித்தாள். இங்கே இத்தனை வருடமாக மருமகன் காட்டின இடத்தில் எண் போடுகிறாளாம். அவளோடு குர்ஆன் ஓதக் கூடும் பெண்களுக்கும் அதே கதைதானாம்; மகன் சொன்னபடி, மருமகன் சொன்னபடி.

“சனிக்கிழமை வா. எல்லாரும் வருவாங்க. இந்த முறை சரியாப் பழக்கு.”

போனேன். வட்டிலப்பமும் வேர்க்கடலையுமாக வரவேற்பறை நிறைந்திருந்தது. எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பேச்சு. மாதிரிச் சீட்டைக் கொடுத்து, கீழ்ச்சபைக்கு எல்லாப் பெட்டிக்கும் எண் போட வேண்டும், மிகப் பிடித்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு, ஒரு பெட்டியையும் வெறுமையாக விடக் கூடாது என்று விளக்கினேன்.

“பிடிக்காத ஆளுக்குமா?” என்றார் ஒருவர்.

“ஓம். அவருக்குக் கடைசி எண்.”

“நல்ல ஊர்தான்” என்றார் இன்னொருவர். “ஒருத்தரையும் வெறுங்கையோட அனுப்புற இல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். ராத்தா சிரிக்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, மூலையில் கைபேசியோடு இருந்த பேத்தியைக் கூப்பிட்டாள்.

“மகள், இவர் சொல்றது மெய்யா எண்டு அதுக்குள்ள பாரு.”

அந்தப் பிள்ளை திரையை விரலால் தள்ளித் தள்ளி வாசித்தது. நான் அறுபது வருடம் ஆசிரியர்களிடமும் அதிகாரிகளிடமும் வைத்தியர்களிடமும் முடிவுக்காகக் காத்திருந்தவன். இவ்வளவு பயத்தோடு ஒருநாளும் காத்திருந்ததில்லை.

“யெஸ், உம்மம்மா. எவ்ரி பொக்ஸ். ஹீ இஸ் ரைட்.”

ராத்தா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து முதல் எண்ணைப் போட்டாள். எந்தப் பெட்டியில் என்று எட்டிப் பார்த்தேன். இடது கையால் மறைத்துக்கொண்டாள்.