ஒரே உலை, இரண்டு வயிறு

அந்த பஸ் ஓட்டுநருக்கு டிப்போவில் பஞ்சுக்கால் என்று பெயர். பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருபவருக்குக்கூடத் தெரியாது. ஐம்பது வயது தாண்டியதும் வலது கை நடுங்க ஆரம்பித்தது. பார்க்கின்சன் நோய் என்றார்கள். வண்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அவர் மனைவி தொழிற்சாலை கேன்டீனில் சமையல் செய்பவள். ஊரே மெச்சும் கைதான். ஆனால் தம்பியைப் பார்க்க வந்த நாத்தனார், பத்து வருஷமாக அவனுக்கு மலச்சிக்கல் இருந்ததே, வயிறு கெட்டால் மூளை கெடாதா என்று சொல்லிவிட்டுப் போனாள். தன் சமையலைத்தான் சொல்கிறாள் என்று அது முள்ளாகத் தைத்தது. மறுநாளிலிருந்து அவருக்கு மட்டும் உப்புச் சப்பில்லாத கஞ்சி. அவர் மெலிந்தார், அவளோ தன் தட்டை மறைத்துவைத்துச் சாப்பிட்டாள்.

மருத்துவமனையில் குடல் கிருமிகளைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. நோயாளியின் மலத்தோடு, அதே வீட்டில் உண்ணும் துணையின் மலமும் வேண்டுமாம். தன் சமையலின் குற்றம் வெளிப்பட்டுவிடுமோ என்று அவளுக்கு உள்ளூர உதறல். ஆளுக்கொரு டப்பாவோடு போய் நின்றபோது பையைத் திறக்கவே கூசினாள்.

"மொய் வைக்கிற மாதிரி நீட்டு, வாங்கிப்பாங்க" என்றார் அவர். வெகுநாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த வேடிக்கை.

சில மாதங்கள் கழித்து அவள் தனியாகப் போய், ஆய்வு நடத்திய டாக்டரம்மாவைக் கேட்டாள். தனித்தனி முடிவு சொல்வதில்லை. ஆனால் பொதுவாக நோயாளிகளின் குடலில் சில கிருமிகள் குறைந்தும் சில கூடியும் இருக்கின்றன என்றார்.

"அப்ப என் சமையல்தானா டாக்டர்?"

"அப்படிச் சொல்ல ஆதாரமே இல்லம்மா. நோயால கிருமி மாறுச்சா, கிருமி மாறினதால நோய் வந்துச்சான்னு எங்களுக்கே இன்னும் பிடிபடல. அந்த மலச்சிக்கல்கூட, நடுக்கத்துக்கு முன்னாடியே வந்த அறிகுறியா இருக்கலாம்."

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தவள், வந்த பஸ்ஸையெல்லாம் போகவிட்டாள். நோய் அத்தனை வருஷமாக வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அவர் மலச்சிக்கல் என்றபோதெல்லாம் "தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போயிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினாள். கஞ்சியின் காரணம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"தெரிஞ்சும் ஏங்க குடிச்சீங்க?"

"நீ போட்டதை என்னைக்கு வேணாம்னு சொல்லியிருக்கேன்?"

அன்றிலிருந்து மறுபடியும் ஒரே சமையல். உடம்பு சற்றுத் தேறியது, நோய் விடவில்லை. நடை சுருங்கியது, பிறகு குரலும் தேய்ந்தது. அவர் பேச வாயெடுத்தால், அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருகிறாள்.