பன்னிரண்டாம் பக்கத்துக் கையெழுத்து: எசனிலிருந்து ஹம்பேர்க்குக்கு ஒரு நாள்

1. இதை எழுதுபவன் சபாரத்தினம் கணேசலிங்கம், வயது அறுபத்திரண்டு, எசன் நகரில் வசிப்பவன். யாழ்ப்பாணத்தில் ஆறு வருடங்கள் சட்டத்தரணியாக இருந்தேன். ஜேர்மனியில் அந்தத் தொழில் செய்ய எனக்கு உரிமையில்லை. நீதிமன்றத்தில் சத்தியம் செய்துகொண்ட மொழிபெயர்ப்பாளனாகப் பத்தொன்பது வருடங்களாக வேலை செய்கிறேன்.

2. கீழே, கண்டதைக் கண்டதாகவும் பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்தே எழுதியிருக்கிறேன்.

3. என்னுடன் பயணம் செய்த யாங் மி-சூன் அக்காவின் சம்மதத்துடன் இதை வெளியிடுகிறேன். முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் திருத்தம் சொன்னார். திருத்திவிட்டேன்.

4. அவரும் நானும் பேசிக்கொள்வது ஜேர்மன் மொழியில். அதை இங்கே எங்கள் பேச்சுத்தமிழில் தருகிறேன்.

மி-சூன் அக்கா ஓய்வுபெற்ற தாதி, வயது எழுபத்தொன்பது. இளம் வயதில் தென்கொரியாவிலிருந்து, எசன் அமைந்திருக்கும் ரூர் பகுதிக்கு வேலைக்கு வந்தவர். நான் அகதியாக வந்து வைத்தியசாலைச் சமையலறையில் தட்டுக் கழுவிய நாட்களில், தன் ஓய்வு நாளைச் செலவழித்து என்னை அலுவலகம் அலுவலகமாகக் கூட்டிச் சென்றவர். அங்கே வேலை செய்த தமிழ்ப் பெண்களிடமிருந்து ஆம் என்று பொருள்படும் "ஓம்" என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு, இன்றுவரை எல்லாத் தமிழருக்கும் அதையே பதிலாகச் சொல்லி வருகிறார்.

அவருடைய அண்ணன் கொரியாவில், தேகு நகரில் இருக்கிறார். வயது எண்பத்தெட்டு, இருதயம் பலவீனம். இவர்களுடைய பாட்டனாரின் தம்பி யாங் இல்-கியூ என்பவர், கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்த காலத்தில் ஷங்காய்க்குத் தப்பிச் சென்று, கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போடும் வேலையில் சேர்ந்து, கரிக்குவியலுக்கடியில் விடுதலைப் பிரசுரங்களைத் துறைமுகம் துறைமுகமாகக் கடத்தினார் என்பது குடும்பத்தில் சொல்லப்படும் கதை. கடைசியாக வந்த கடிதம் ஹம்பேர்க்கிலிருந்து. பிறகு ஒன்றுமில்லை. அவருடைய பெயரைத் தென்கொரிய அரசாங்கத்தின் விடுதலைப் போராளிகள் பட்டியலில் சேர்ப்பிக்க அண்ணன் பதினொரு வருடங்களாக முயல்கிறார். இரண்டு முறை விண்ணப்பம் திரும்பிவிட்டது. குடும்பக் கதை ஆதாரமாகாது. கண்ணை மூடுமுன் அந்தப் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்பது அவர் தங்கையிடம் சொன்னது.

இல்-கியூ ஓர் அரசின்மைவாதி. கொரிய விடுதலைக்குப் போராடியவர்களில் இவர்கள் தனி வகை. அந்நிய அரசு எழுந்துபோன கதிரையில் சொந்த அரசு வந்து அமர்வதற்காக இவர்கள் போராடவில்லை. கதிரையே வேண்டாம் என்றவர்கள். ஷங்காயிலும் மஞ்சூரியாவிலும் தோக்கியோவிலும் இருந்துகொண்டு எழுதினார்கள், அச்சடித்தார்கள், சிலர் ஆயுதமும் எடுத்தார்கள். பயணத்துக்கு முன்பே இவ்வளவையும் வாசித்திருந்தேன். வாசித்தவன் அதன் பொருளை ஒரு நிமிடம் யோசித்திருந்தால், அன்று நான் செய்த தவறைச் செய்திருக்க மாட்டேன்.

ஹம்பேர்க்கில் பிறந்து வளர்ந்த என் தங்கை மகள் தர்ஷினி, தேவாலயப் பதிவேட்டு அலுவலகமொன்றில் வேலை செய்கிறாள். பழைய ஜேர்மன் கையெழுத்து அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆளின் பெயரை வைத்துத் தேடிக் கிடைக்காததைக் கப்பலின் பெயரை வைத்துத் தேடி, ஆவணக் காப்பகத்தில் ஒரு பொலிஸ் கோப்பு இருப்பதைக் கண்டுபிடித்தாள். மூலக் கோப்பை நேரில் பார்த்த, உறவினரல்லாத இருவர், பிரதி முழுமையானது, எதுவும் விடுபடவில்லை என்று ஒப்பமிட்டால் விண்ணப்பம் வலுப்பெறும் என அண்ணனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த இருவர் தர்ஷினியும் நானும்.

நவம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. எசனில் காலை 6.23க்குப் புறப்பட்டோம். தூரம் ஏறத்தாழ 360 கிலோமீற்றர். ஒருவருக்கு ஒருவழிக் கட்டணம் 41.80 யூரோ. 9.14க்குச் சேரவேண்டிய புகையிரதம் 9.46க்குச் சேர்ந்தது. காப்பகத்தில் எங்களுக்குத் தெர்மீன், அதாவது முன்பதிவு செய்த நேரம், பத்து மணிக்கு. ஆகவே டாக்சி: ஆறு கிலோமீற்றர், பதினேழு நிமிடம், 21.40 யூரோ. சாரதி வல்வெட்டித்துறைக்காரர். என் முகத்தைப் பார்த்ததுமே தமிழில் தொடங்கினார்.

"அண்ணை, கோர்ட்டுக்கோ? ஃபைலெல்லாம் கையில கிடக்கு."

"இல்லைத் தம்பி. ஆவணக் காப்பகத்துக்கு."

"அங்கை என்ன, காணி உறுதியோ தேடப் போறியள்?"

"ஒரு கொரியக்காரரின்ரை பழைய பொலிஸ் கோப்பு."

கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார். "எங்கட ஆக்கள்ரை கோப்பே எங்கை கிடக்கெண்டு தெரியேல்லை. நீங்கள் கொரியாவுக்குப் போட்டியள்!"

பின் இருக்கையிலிருந்து மி-சூன் அக்கா, "ஓம்," என்றார்.

"பாருங்கோ, அக்காவே ஒத்துக்கொள்ளுறா," என்று சாரதி சிரித்த சிரிப்பில் ஒரு பச்சை விளக்கைத் தவறவிட்டோம். காப்பகத்தை அடைந்தபோது 10.06.

வாசிப்பறைக்குள் மேலங்கி, பை, தண்ணீர்ப் போத்தல் எதுவும் கொண்டுபோக முடியாது. பெட்டகத்தில் வைத்துப் பூட்ட ஒரு யூரோ நாணயம் வேண்டும். திறக்கும்போது திரும்பி வரும். "மாமா, பேனையையும் வெளியில வையுங்கோ. பென்சில்தான்," என்றாள் தர்ஷினி. நாற்பது வருடங்களில் பேனையில்லாமல் ஓர் ஆவணத்தின் முன் நான் அமர்ந்தது அதுவே முதல் முறை.

நூலால் கட்டிய மெல்லிய கோப்பு. பதின்மூன்று பக்கங்கள். மேலட்டையில் இருந்ததைத் தர்ஷினி வாசித்தாள்: ரியோ இக்கெய், கப்பல் தொழிலாளி, குடியுரிமை ஜப்பான்.

அக்கா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "இது அவரில்லை. இது ஜப்பான்காரர்."

பிறகு அக்காவே மேசையில் விரலால் எழுதிப் பார்த்தார். கொரியப் பெயரைச் சீன எழுத்தில் எழுதி, அந்த எழுத்தை ஜப்பானிய உச்சரிப்பில் வாசித்தால் யாங் இல்-கியூ என்பது ரியோ இக்கெய் ஆகிவிடும். "எங்கட பெயரை அவையின்ரை வாயால வாசிச்சிருக்கினம்," என்றார். கொரியாவில் பிறந்த எவரும் அன்று காகிதத்தில் ஜப்பானியக் குடிமகன். பொலிஸ் எழுதுவினைஞர் சட்டப்படி ஒரு பிழையும் செய்யவில்லை. அன்றைய முதல் அதிர்ச்சி எனக்கு இதுதான். ஒரு மனிதரை முற்றாக இல்லாமற் செய்த பதிவு, சட்டத்தின் கண்ணில் பிழையற்ற பதிவு.

நாலாம் பக்கத்தில் ஒரு புகைப்படம். பக்கவாட்டு முகம், மடல் வெளியே மடிந்த காது. "அண்ணாவின்ரை காது," என்றார் அக்கா. ஒன்பதாம் பக்கத்தில், கரிக்குவியலுக்கடியிலிருந்து எடுக்கப்பட்ட பொருட்களின் பட்டியல்: அறியாத எழுத்தில் அச்சிட்ட பிரசுரங்கள், நான்கு கட்டு. குடும்பக் கதையில் சொன்ன அதே கரி, அதே பிரசுரம். அக்கா என் கையைப் பற்றிய பற்றில் என் மணிக்கூடு சதைக்குள் அழுந்தியது.

இங்கேதான் என் தவறு. ஆவணத்தின் கடைசி வரியை வாசிக்குமுன் கட்சிக்காரருக்கு முடிவைச் சொல்லாதே என்பது தொழிலின் முதல் நாளே கற்ற விதி. அதை ஒருநாளும் மீறியதில்லை. அன்று, "அண்ணைக்குச் சொல்லுங்கோ அக்கா. அங்கை இப்ப பின்னேரம் ஏழு மணி, முழிச்சிருப்பார்," என்றவன் நானே. பெட்டகங்கள் இருந்த நடையில் நின்று அக்கா பேசினார். மறுமுனையில் ஒரு கிழவர் வாய்விட்டு அழுவது எனக்குக் கேட்டது. நேரம் 11.05.

திரும்பி வந்து பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பினோம். அது இல்-கியூ பொலிசாருக்குக் கொடுத்த கூற்று, இலக்கமிடப்பட்டது. தர்ஷினி தாழ்ந்த குரலில் வாசித்தாள். நான் பென்சிலால் எடுத்த குறிப்பின்படி:

ஒன்று. என் பெயர் யாங் இல்-கியூ. நீங்கள் அட்டையில் எழுதியிருப்பது என் பெயரல்ல.

இரண்டு. நான் ஜப்பானின் குடிமகன் அல்லன்.

மூன்று. பிரசுரங்கள் என்னுடையவை மட்டுமே. கப்பலில் வேறு எவருக்கும் தெரியாது.

நான்கு. என் மண் விடுபடும். விடுபட்டபின் அங்கே எழும் எந்த அரசுக்கும் என் பெயரைத் தன் பதிவேட்டில் எழுத உரிமையில்லை. ஒரு பட்டியலில் ஒருவனைப் போற்றி எழுதும் கைதான் மறு பட்டியலில் இன்னொருவனைப் பிடித்துவர எழுதும்.

தர்ஷினி நிறுத்திவிட்டு, "மாமா, நான் சரியாத்தான் வாசிச்சனான்," என்றாள். நான் கேட்காமலே சொன்னாள். நாலாம் இலக்கத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். மாறவில்லை.

கீழே கையெழுத்து. அதுவரை ஒரு வரியையும் தானாக வாசிக்க முடியாமல் இருந்த அக்கா, தாளைத் தொடாமல் அதன் மேலே விரலை வைத்தார். கொரிய எழுத்தில் மூன்று அசைகள். "இதை நான் வாசிப்பன்," என்றார். "யாங். இல். கியூ." அதனடியில் இரண்டு சாட்சிகள்: கப்பல் சமையற்காரர் ஆ லின், பெருவிரல் அடையாளம், துறைமுகத்தில் துணி வெளுத்த எம்மா ரோடே, கையெழுத்து. பதின்மூன்றாம் பக்கத்தில் ஒரே வரி: விடுவிக்கப்பட்டார், சென்ற இடம் தெரியாது.

வெளியே நடைக்கு வந்ததும் அக்கா என்னை நேரே பார்த்துக் கேட்டார். "பதினொராம் பக்கத்தோட நிப்பாட்டினால் என்ன?"

"ஏலாது அக்கா. முழுமையானது எண்டு நான் ஒப்பம் வைக்க வேணும்."

"நீ வந்த புதுசில, உன்ரை அகதி அன்ட்ராக்குப் படிவத்தில எத்தினை பெட்டியை வெறுமையா விட்டனாங்கள்? அப்ப ஏலும், இப்ப ஏலாதோ?"

அதைவிட மோசமான ஒன்றை அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. "அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால், மிச்சக் கோப்பில இருக்கிறது ரியோ எண்ட ஜப்பான்காரர். காது ஆதாரமில்லை அக்கா. அவர்தான் இவர் எண்டு சொல்லுற ஒரே பக்கம் இதுதான்."

தன்னை நிரூபிக்கும் ஒரே தாளில், தன் பெயரை எந்த அரசும் எழுதக்கூடாது என்று சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறார் இல்-கியூ. எத்தனையோ சிக்கலான உறுதிப் பத்திரங்களைக் கண்டிருக்கிறேன்; இப்படி வாசலையும் பூட்டையும் ஒரே பலகையில் செய்த ஆவணத்தைக் கண்டதில்லை. அக்கூற்று இன்று எந்த அரசையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அதையும் அக்காவுக்குச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்றார். எஸ்-பான் எனும் நகரப் புகையிரதத்தில் துறைமுகப் படித்துறைக்குப் போனோம். 14.10 மணி, காதை அறுக்கும் காற்று. அங்கே நின்று அண்ணனை அழைத்துப் பன்னிரண்டாம் பக்கத்தைக் கொரிய மொழியில் சொன்னார். பதில் எனக்குப் புரியவில்லை, சத்தம் புரிந்தது. தொடர்பு அறுந்தது.

"என்ன சொன்னவர்?"

"ஏன் மிச்சத்தை வாசிச்சனீ எண்டு ஏசுறார்."

15.46 புகையிரதத்தில் திரும்பினோம். ஒஸ்னாபுரூக் நிலையத்தில் வண்டி நின்றபோது அக்காவின் தொலைபேசி ஒலித்தது. கொரியாவில் எல்லோரும் உறங்கும் நேரம். அண்ணன் உறங்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டதாக அக்கா எனக்குச் சொன்னார். "சாட்சி வைச்சவை ஆர் எண்டு கேக்கிறார்."

என் குறிப்பைக் கொடுத்தேன். ஆ லின், எம்மா ரோடே என்று வாசித்தார். திரும்ப வாசிக்கச் சொன்னாராம், திரும்ப வாசித்தார். சமையற்காரர் என்றும் துணி வெளுப்பவர் என்றும் விளக்கினார். நெடுநேரம் காதில் வைத்திருந்துவிட்டுத் தொலைபேசியை மடியில் வைத்தார்.

"பதினொரு வருஷமா நான் ரெண்டு சாட்சி தேடித் திரிஞ்சன், அவர் அப்பவே வைச்சிருந்திருக்கிறார் எண்டு சொல்லுறார். ஆருமில்லாமல் செத்தவர் எண்டு நினைச்சிருந்தாராம்." பிறகு, "விண்ணப்பம் வேண்டாமாம். ஆனா ஆராவது எழுதி வைக்க வேணுமாம். அரசாங்கமில்லாத ஆரேன். ரெண்டு சாட்சியோட."

இவ்விடத்தில் அக்கா அழுதார் என்று முதலில் எழுதியிருந்தேன். மூக்குச் சிந்தினார் என்று திருத்தச் சொன்னார்.

இத்தகைய தேடலுக்குப் புறப்படும் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். எங்களுக்குத் தெர்மீன் கிடைக்க மூன்று வாரம் ஆனது. ஆகவே பயணச்சீட்டை அதன்பின் வாங்குங்கள். கடவுச்சீட்டு, பென்சில், ஒரு யூரோ நாணயம் மூன்றும் கையில் இருக்கட்டும். தொலைபேசியால் படமெடுக்க எங்களிடம் கட்டணம் கேட்கவில்லை, ஒரு படிவம் மட்டும் நிரப்பினோம். தேடுபவரின் பெயர் கிடைக்காவிட்டால் அவரை ஆண்டவர்களின் மொழியில் அப்பெயர் எப்படி ஒலித்திருக்கும் என்று யோசியுங்கள். அல்லது கப்பலை, தெருவை, முதலாளியைத் தேடுங்கள். மருந்து எடுப்பவர்களுடன் போனால் மதிய உணவைத் தள்ளிப்போடாதீர்கள். நாங்கள் தள்ளிப்போட்டோம், அக்காவுக்குத் தலைசுற்றியது. கடைசியாக, யாருக்கும் தொலைபேசி எடுக்குமுன் கடைசிப் பக்கம்வரை வாசியுங்கள். இதை நான் அறிவுரையாக அல்ல, குற்ற ஒப்புதலாக எழுதுகிறேன்.

அண்ணன் கேட்டபடி எழுதி வைப்பது: யாங் இல்-கியூ, கப்பலில் கரி அள்ளியவர், கொரியாவில் பிறந்தவர், அந்நிய ஆட்சிக்கெதிரான பிரசுரங்களைக் கரிக்கடியில் சுமந்து ஹம்பேர்க்வரை வந்தவர், பிடிபட்டபோது எவரையும் காட்டிக்கொடுக்காதவர். குடியுரிமை என்ற பெட்டி வெறுமையாக விடப்படுகிறது.

ஒப்பம்: ச. கணேசலிங்கம், எசன்

சாட்சிகள்:
யாங் மி-சூன், தாதி (கொரிய எழுத்தில் ஒப்பமிட்டார்)
தர்ஷினி, பதிவேட்டு அலுவலர், ஹம்பேர்க்